தீர்த்தகிரி பார்த்த கடல்

நான் வேலை பார்த்த கல்லூரியில் புதிய மீன் அறை திறக்கப் போகிறார்கள். மேடையில் பேசத் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். விழா மலரில் எழுத என்னைக் கேட்டார்கள்.

கேட்க வந்த விரிவுரையாளர் நிவேதா நல்ல பெண்தான். இண்டூரில் இருக்கும் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவரு பனிக்கடலுக்கே போய்ட்டு வந்தவருங்க சார். அவரு பேசினா பசங்க ஆர்வமா கேப்பாங்க. நீங்க அந்தக் காலத்து வேலையப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார். புதிய அறையில் எல்லாமே தானாக நடக்குமாம். வாயு கூடினால் இயந்திரமே குறைக்குமாம், தண்ணீர் சூடானால் செல்போனுக்குச் செய்தி வருமாம். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீர்த்தகிரி என்பவன் எனக்குப் பின்னால் அங்கே விலங்கியல் துறையில் என்னைப் போலவே ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தவன். ஊசி பிடிக்க நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். எனக்கு அவன்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம். "வயித்தெரிச்சல் புடிச்ச மனுசன்" என்று என் மனைவி ராஜம்மா சொல்வாள். முப்பது வருடத்துக்கு மேல் கூட இருப்பவள், அவள் கணிப்பில் தவறு இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. விலங்கியல் துறையில் தவளை பிடித்து வைப்பது, பார்மலின் ஊற்றுவது, செய்முறைத் தேர்வு நாளில் கரப்பான் பூச்சியைத் தட்டுத் தட்டாக அடுக்குவது. இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இடையில் மேடம் வந்தார்.

மேடம் வெளிநாட்டில் குளிர்கடல் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். மாமனார் படுக்கையில் விழுந்ததால் குடும்பத்தோடு தருமபுரிக்கு வர வேண்டியதாகிவிட்டது. எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில், இங்கேயே கடல் மீன் ஆராய்ச்சியைத் தொடரப் போவதாக முதல்வரிடம் சொன்னார். "கடலு எங்கம்மா இருக்குது நம்ம ஊர்ல?" என்று முதல்வர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. "செஞ்சுக்கலாம் சார்" என்றார்.

செய்தும் காட்டினார். பழைய பொருட்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். நான்கு பெரிய தொட்டிகள், குளிரூட்டும் இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் வந்தன. மீனுக்கு நீலகிரிக்குப் போனோம். அங்கே குளிர்ந்த ஓடைகளில் வளர்க்கிற டிரவுட் மீன், குளிர்கடலில் வாழும் மீன்களுக்குப் பங்காளி முறை. உப்பை மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்கினால் கடல் தண்ணீரிலும் வாழும். பனிக்கட்டி போட்ட பெட்டிகளில், பிராணவாயு அடைத்த பைகளில், அந்தக் குஞ்சுகளை ஜீப்பில் கொண்டுவந்தோம். தொப்பூர் கணவாய் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் பெட்டிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளைகளை அப்படிப் பிடித்துக்கொண்டு வந்ததாக நினைவில்லை.

மேடத்தின் ஆராய்ச்சி இதுதான். உலகத்துக் கடலெல்லாம் சூடேறி வருகிறது. அதோடு வண்டியும் ஆலையும் விடும் கரிவாயுவை உள்ளே வாங்கி வாங்கி, கடல் நீரில் அமிலத்தன்மையும் ஏறுகிறது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த மீனின் உடம்பு இந்த இரண்டையும் எப்படித் தாங்கும்? முதல் தொட்டியில் குளிர்ந்த கடல் நீர் மட்டும். இரண்டாவதில் அதே நீர், கொஞ்சம் சூடாக. மூன்றாவது குளிர்ந்த நீர், ஆனால் கரிவாயு விட்டது. நான்காவதில் சூடும் உண்டு, வாயுவும் உண்டு. கரிவாயு உருளையைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சோடா கம்பெனி வைத்திருந்த முதலாளிதான் தந்தார். அவருடைய சோடாவும் எங்கள் மூன்றாம் தொட்டியும் குடித்தது ஒரே வாயு.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதே சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் பிராணவாயு கூடும். பந்தியில் சோறு குறைகிற நேரம் பார்த்து விருந்தாளி கூடின மாதிரி. மீன் வாயைத் திறந்து திறந்து செவுளை வேகமாக அடிக்கும், இதயம் ஓடும், ஒரு கட்டத்தில் ஓட முடியாமல் தடுமாறும். அமிலம் ஏறிய நீரிலோ, ரத்தத்தில் உப்பை நிதானத்தில் வைக்கவே செவுள் பாடுபட வேண்டும். தின்ற தீனியெல்லாம் அந்தப் பாட்டுக்கே சரியாகிவிடும். உடம்பில் ஒட்டாது.

சித்திரை மாதத்தில் தருமபுரி எப்படிக் காயும் என்று ஊருக்கே தெரியும். அந்த அறைக்குள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். கல்லூரிக்குப் பின்சுவரை ஒட்டிய காலனியில்தான் அப்போது வாடகைக்கு இருந்தோம். தகரக் கூரை வீடு. "மீனுக்கு ஏசி போட்டுக் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒரு டேபிள் பேன் வாங்கித் தர வக்கில்ல" என்பாள் ராஜம்மா. மின்சாரம் போனால் வீடு இருட்டில் கிடக்க, மீனுக்கு ஜெனரேட்டர் ஓடும். அந்தச் சத்தம் கேட்டாலே அவள் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

மேடத்தின் வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். வேலை சரியில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "மறுபடியும்" என்பார். வேறு ஒரு வார்த்தை வராது. வேலை சரியாக இருந்தால் அதுவும் இல்லை, பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அவர் பேசாமல் போவதுதான் எங்களுக்குப் பாராட்டு. அதற்காக நான் ஏங்கியிருக்கிறேன்.

மீன் அறைக்குள் போகிறவன் தலையில் எண்ணெய் வைக்கக்கூடாது, வாசனை சோப்பு போடக்கூடாது. தொட்டிமேல் நிழல் விழக்கூடாது. நிழல் விழுந்தால் மீனுக்குப் படபடப்பு ஏறும், ரத்தத்தில் அது தெரிந்துவிடும். ரத்தம் எடுப்பது என் வேலை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயை ஸ்பிரிட்டில் கலந்து, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மீனை வலையோடு அதில் இறக்கினால் கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். ஈரப் பஞ்சின் பள்ளத்தில் அதை மல்லாக்கப் படுக்க வைத்து, வால் பக்கம், கீழ்த் துடுப்புக்குப் பின்னால், நடுக்கோட்டில் ஊசியை இறக்க வேண்டும். முதுகெலும்பில் ஊசி முனை தட்டும். தட்டியதும் நூல் அளவு பின்னால் இழுத்தால் ரத்தம் வரும். இழுக்கும் அந்த நூல் அளவுதான் வித்தை. அதிகம் இழுத்தாலும் வராது, அவசரப்பட்டாலும் வராது. எனக்கு முதல் குத்திலேயே வரும். மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டு, அது நிமிர்ந்து நீந்தும்வரை கையால் தண்ணீரைச் செவுளுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பேன். மேடம் பேசாமல் அடுத்த தொட்டிக்குப் போய்விடுவார். அன்றைக்கு வீட்டில் நான் இன்னொரு கவளம் கூடச் சாப்பிடுவேன்.

இந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் தீர்த்தகிரி வந்து சேர்ந்தான். வத்தல்மலைக்காரன். ஆள் வாட்டசாட்டம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் கற்றுக்கொடுத்ததில் பாதியை மறந்துவிடுவான். மறந்ததையும் சிரித்துக்கொண்டே சொல்வான். மூன்று குத்து குத்துவான், ரத்தம் வராது. "இந்த மீனு எங்கிட்ட கோவமா இருக்குதுங்க மேடம்" என்பான். இதற்கு மேடம் ஒருநாள் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் எத்தனை வருடம் முதல் குத்தில் ரத்தம் எடுத்தவன், எனக்கு ஒரு சிரிப்புக் கிடைத்ததா?

தண்ணீர் நிரப்பும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தோம். தினமும் மதியம் பின்சுவர் பக்கம் போவான், வரும்போது கையில் ஒரு தூக்கு இருக்கும். ஒருநாள் களியும் கீரைக் கடைசலும். ஒருநாள் அவரைக்கொட்டைக் குழம்பு. யார் கொடுத்தது என்றால், "காலனிக்கார அக்காங்க குடுத்தாங்கண்ணா, சாப்புடறீங்களா?" என்பான். அதே காலனியில் குடியிருந்தவன் நான். எனக்கு ஒரு வீட்டிலிருந்தும் ஒரு வாய்க் களி வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசனையைப் பிடித்துக்கொண்டே என் தயிர்ச்சோற்றைத் தின்பேன்.

இந்த நேரத்தில்தான் கப்பல் செய்தி வந்தது. தெற்கே பனி மிதக்கும் கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் மேடத்துக்கு இடம் கிடைத்தது. கூட ஒரு உதவியாளரை அழைத்துப் போகலாம். யார் என்று மேடம் சொல்லவில்லை. நான் அடுத்த வாரமே சேலம் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தொட்டியில் கடலைச் செய்து, அதற்கு உப்புப் பார்த்து, சூடு பார்த்து வளர்த்தவன் நான். நிஜமான குளிர்கடலை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்ததில் என்ன தப்பு? போட்டோவுக்கு மீசையைக் கூட ஒதுக்கிக்கொண்டேன்.

அதே மாதத்தில் ஆராய்ச்சி சிக்கலில் மாட்டியது.

மூன்றாம், நான்காம் தொட்டிகளில் வாயு விட்டால் அமிலம் ஏற வேண்டும், அமிலம் ஏற ஏற மீட்டர் முள் இறங்க வேண்டும். சில வாரம் ஏறியது. நான்காம் தொட்டி மீன்கள் தீனியை விட்டன, செவுள் படபடவென்று அடித்தது. சில வாரம் அதே வாயு, அதே குமிழி, ஆனால் மீட்டர் முள் இறங்க மறுத்தது. மீன்களும் ஒன்றும் நடக்காததுபோல் தின்றன. மேடம் முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டார். புது மீட்டர் வந்தது, அதுவும் அதையே சொன்னது. பிறகு சோடா முதலாளியின் உருளையைச் சந்தேகப்பட்டார். "என் கேஸ்ல கலப்படமா? இந்த ஊரே என் சோடாவக் குடிச்சுத்தான் ஏப்பம் வுடுது" என்று அவர் சண்டைக்கு வந்தார். அதற்கும் பிறகு, ஒருநாள் மாலை, மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதேஷ், ஒண்ணு கேக்கறேன். மீன் கஷ்டப்படுதேன்னு நீங்க வால்வை மூடிடறீங்களா?"

"நானா மேடம்?"

"இரக்கம் வர்றது தப்பில்ல. ஆனா சொல்லிடுங்க."

"இல்லைங்க மேடம்" என்றேன். தீர்த்தகிரி பக்கத்தில் நின்று வலையை அலசிக்கொண்டிருந்தான். அவனை அவர் கேட்கவில்லை. வால்வு என் பொறுப்பு என்பதால் என்னைக் கேட்டார் என்பது புரிந்தது. ஆனாலும் அவன் எதிரில் கேட்டது பொறுக்கவில்லை. இந்தப் பெயரோடு கப்பலாவது ஒன்றாவது.

விடை தேநீரில் கிடைத்தது. மறுவாரம் வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர் அறையைப் பார்க்க வந்தார்கள். கேன்டீன் மூடியிருந்தது. நானே அடுப்பு பற்ற வைத்து, தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் சேமிப்புத் தொட்டியின் குழாயில் பிடித்துத் தேநீர் போட்டேன். அதில் இருக்க வேண்டியது காவிரித் தண்ணீர், குடிக்கிற தண்ணீர், அதில் உப்புகள் கலந்துதான் எங்கள் கடலைச் செய்தோம். அந்தக் குழாயில் நாங்கள் யாரும் குடித்ததில்லை. ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவருவோம். வடிகட்டி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். போர்த் தண்ணீர்.

எங்கள் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மீட்டர் வேண்டாம். போர்த் தண்ணீரில் போட்ட தேநீர் மேலே ஆடை கட்டும், நாக்கில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பல்லில் கறை ஏறும். அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் கரிவாயுவின் அமிலத்தையும் அடக்கியிருக்கிறது. எத்தனை உருளை திறந்தாலும் மீட்டர் இறங்காமல் இருந்தது அதனால்தான்.

தீர்த்தகிரியைப் பின்சுவர் பக்கம் போய்ப் பிடித்தேன். காவிரிக் குழாயில் மாட்டிய ரப்பர் ஓசு சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் குடங்களின் சத்தம்.

"என்னடா இது?"

"நல்ல தண்ணிண்ணா. இவங்க தெருக் குழாய்ல ஒரு வாரமா வரல."

"அப்ப தொட்டிக்கு?"

"அதுக்கு போர்லதான் புடிக்கிறேன். எப்படியும் உப்பக் கொட்டித்தானே கலக்கப் போறோம்? மீனுக்கு எதுக்குண்ணா குடிக்கிற தண்ணி? புள்ளைங்க கொடத்த வெச்சிக்கிட்டு நிக்குது" என்று அதே சிரிப்போடு சொன்னான்.

இந்த ஊர் ஆள் எவனுக்கும் இந்தத் தவறு வரும் என்று இப்போது தோன்றுகிறது. குடிக்கிற தண்ணீரை உப்பில் கொட்ட இங்கே யாருக்கு மனசு வரும்? அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு எரிந்தது. இவன் ஒழிந்தான், நான் தப்பித்தேன், கப்பல் எனக்கு என்று வீட்டுக்கு நடந்தேன்.

ராஜம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இனிப்பா இருக்குதா?"

"இருக்குது. ஏன்?"

"இத்தன நாளா நம்ம வூட்டுக்கு நல்ல தண்ணி எங்கிருந்து வந்துதுன்னு நெனச்சீங்க? தீர்த்தகிரி தம்பி புடிச்சி வுட்டதுதாங்க இது. நீங்க அந்தப் பக்கம் வேலைல இருக்கீங்கன்னுதான் பேரு. ஒரு நாளு ஒரு கொடம் கேட்டு வாங்கித் தந்திருப்பீங்களா?"

குடித்ததைத் துப்ப முடியவில்லை. அந்தத் தூக்கில் எங்கள் வீட்டுக் களியும் போயிருக்கிறது என்று பேச்சுவாக்கில் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக் கீரைக் கடைசலின் வாசனையை நானே மோந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"சொல்லாதீங்க. சொன்னா ஓசு நின்னுடும். காலனியே உங்களத்தான் ஏசும்" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேடத்திடம் சொன்னேன். இன்றைக்கு நடந்தாலும் சொல்வேன். என் பெயர் வால்வில் மாட்டிக்கொண்டு தொங்கியது, பொய்யான கணக்கு வெளியே போனால் மேடத்தின் பெயரும் கெடும். ஆனால் நியாயத்துக்காக மட்டும் சொன்னேன் என்று எழுதினால் ராஜம்மா படித்துவிட்டுச் சிரிப்பாள்.

மேடம் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார். அவன் மறைக்கவில்லை. "ஆமாங்க மேடம், குடுத்தேன்" என்றான். கண்ணாடி கழலும் என்று காத்திருந்தேன். கழலவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார்.

"எந்தெந்த நாள் போர் தண்ணி, எந்தெந்த நாள் காவிரித் தண்ணி, ஞாபகம் இருக்கா?"

அங்கேதான் நான் தோற்றேன். அந்த விவரம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தேதி சொல்ல மாட்டான். "மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டாங்களே, அப்ப தெருவுலயே தண்ணி வந்துச்சி, அதனால தொட்டிக்கு நல்ல தண்ணிதான். பால்காரக்கா பொண்ணு சடங்குக்கு மூணு நாளும் போர் தண்ணி" என்று சொல்வான். மேடம் அதை வைத்து நாளைக் கண்டுபிடித்து, மீட்டர் கணக்கோடு பொருத்துவார். நாள் கணக்கில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காலனியில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் பேசினார்கள். நான் அவன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு, வாளியோடு அவர்களைக் கடந்து போனேன், வந்தேன். அவனைத் துரத்தச் சொன்ன சொல், அவனுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டது.

கணக்குப் பொருந்தியது. போர்த் தண்ணீர் வாரங்களை ஒதுக்கிப் பார்த்தால் விஷயம் தெளிவாக இருந்தது. சூட்டை மட்டும் என்றால் மீன்கள் ஓரளவு தாங்கின. அமிலத்தை மட்டும் என்றாலும் சமாளித்தன. இரண்டும் சேர்ந்த நான்காம் தொட்டியில் இதயம் தளர்ந்துபோனது. மேடம் எல்லாவற்றையும் காவிரித் தண்ணீரில் முதலிலிருந்து மறுபடி செய்தார், அதிலும் அதுவேதான் வந்தது. சுவர் தாண்டிப் போன ஓசுத் தண்ணீரையும் அவர் நிறுத்தவில்லை. "முதல்ல குடங்கள் நிறையட்டும். மீன் ஒரு மணி நேரம் காத்திருக்கும்" என்றார். காலனியில் அதற்கும் தீர்த்தகிரிக்குத்தான் வாழ்த்து. கோள் சொன்னவன் என்று என்னை மட்டும் ஒரு வருடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னிடம் மேடம் வந்து, "வால்வு விஷயம், நான் கேட்டிருக்கக்கூடாது" என்றார். அது போதும், கப்பல் எனக்குத்தான் என்று இருந்தேன்.

பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சொன்னார். "கப்பலுக்கு தீர்த்தகிரி வரட்டும். நீங்க இங்க பாத்துக்குங்க." அவ்வளவுதான். பேசாமல் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம். மலைக்காரன் குளிர் தாங்குவான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். வத்தல்மலைக் குளிருக்கும் பனிக்கடலுக்கும் என்ன சம்பந்தம்? மார்கழியில் அங்கே நானும்தான் போர்வை இல்லாமல் படுத்திருக்கிறேன். சிரிக்க வைக்கிறவனைக் கூட்டிப்போகிறார், வேலை செய்கிறவனை விட்டுப்போகிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவனுக்குப் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. அவசர அவசரமாக எடுத்தார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் என்னிடமே வந்தான். நானே எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் போயிருந்த நாட்களில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. இதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

திரும்பி வந்து தீர்த்தகிரி சொன்ன கதைகள் பல. ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தக் கடலில் ஒரு மீன் இருக்கிறதாம். அதன் ரத்தத்தில் சிவப்பே இல்லையாம்.

"தண்ணி மாதிரி இருந்துச்சிண்ணா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஊசிய எறக்கினேன், எலும்புல தட்டினதும் நூல் அளவு இழுத்தேன். மொதக் குத்துலயே வந்துடுச்சி. ஆனா ரத்தமா தண்ணியான்னு எனக்கே சந்தேகம்."

மேடம் பிறகு விளக்கினார். அவ்வளவு குளிர்ந்த நீரில் பிராணவாயு தாராளமாகக் கரைந்திருக்கும். சிவப்பணு இல்லாமலே அந்த மீன் காலம் தள்ளிவிடும். ஆனால் கடல் கொஞ்சம் சூடானாலும் அதற்குச் சேமிப்பு எதுவும் இல்லை. போக வேறு குளிரான இடமும் இல்லை. கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், என் வருத்தம் அந்த மீனுக்காக இல்லை. என் ஊசி வித்தை அந்த ரத்தத்தைத் தொட்டிருக்கிறது. என் கை தொடவில்லை. என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. பீரோவில் இருக்கிறது, மீசை ஒதுக்கிய போட்டோவோடு.

மேடம் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நாங்களும் ஓய்வு பெற்றோம். நான் இண்டூருக்கே வந்து வீடு கட்டினேன். தீர்த்தகிரியை எங்கே பார்த்தாலும் அவனைச் சுற்றி நாலு பேர் நின்று பனிக்கட்டிக் கதை கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஏன் அவன், ஏன் நானில்லை என்று இத்தனை வருடமும் ஒரே கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க. மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், முட்டி வலியோடு படியேறினான். ராஜம்மா அவனுக்கு மட்டும் காபியில் சர்க்கரை கூடப் போட்டதை நான் கவனித்தேன். கல்லூரியில் பேசப்போகும் விஷயம் பற்றிப் பேச்சு வந்தது. இதைவிட்டால் இனி எப்போது என்று தோன்றி, கேட்டேவிட்டேன்.

"தீர்த்தகிரி, மேடம் எதுக்குடா என்ன வுட்டுட்டு உன்னக் கூட்டிக்கிட்டுப் போனாங்க?"

அவன் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் வெட்கத்தோடு.

"அதானுங்கண்ணா, நானும் கப்பல்ல ஒரு நாளு கேட்டேன். மாதேஷ் அண்ணந்தானே கெட்டிக்காரரு, என்ன எதுக்குங்க கூட்டியாந்தீங்கன்னு. அதுக்கு மேடம் என்னா சொன்னாங்க தெரியுமா? 'மாதேஷ நம்பி அந்த அறைய வுட்டுட்டு எத்தன மாசம் வேணாலும் இருப்பேன். உன்ன வுட்டுட்டு வந்திருந்தா சுவத்து மேல என்னென்ன ஏறி எறங்குமோன்னு எனக்கு இங்க தூக்கம் வந்திருக்காது. அதுக்குத்தான் உன்னக் கூட்டியாந்தேன். அவரு மாதிரி கை நான் எங்கயும் பாத்ததில்ல'ன்னாங்க. எனக்கு ஒரே அவமானமாப் போச்சிண்ணா. அதான் யாருகிட்டயும் சொல்லல."

ராஜம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்பவாச்சும் வயிறு குளுந்துதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

குளிர்ந்திருக்க வேண்டும்தான். நானும் ஒரு நிமிடம் காத்துப் பார்த்தேன்.

"எங்க நின்னு சொன்னாங்க?" என்றேன்.

"கப்பல் மேல்தட்டுலண்ணா. எதிர்ல பனிக்கட்டி, நம்ம வத்தல்மலை ஒசரம் இருக்கும், நீலமா. காத்து அப்படி அடிக்குது. மேடம் கம்பியப் புடிச்சிக்கிட்டு, அதப் பாத்துக்கிட்டே சொன்னாங்க."

நான் அப்போது இங்கே வாளியோடு நான்காம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். அத்தனை வருடம் நான் ஏங்கிய ஒரு வார்த்தையை மேடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதையும் அந்தக் கடல் எதிரில் நின்று காதால் கேட்டவன் தீர்த்தகிரிதான்.